அன்றும் சிக்னல் இருந்தது

வண்டியில் ரேடியோ செட் இன்னமும் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு நான் முன்பே பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம், கீழே என் கையெழுத்து. தேவையில்லை என்று எழுதினேன். சில மாதங்கள் கழித்து அதே கேள்விக்கு இன்னொரு பக்கம் எழுதினேன். தேவை என்று. அதிலும் என் கையெழுத்துதான். முதல் பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டாவதில் முக்கியமான வரி பொய். நான் முன்பு வேலை பார்த்த உங்கள் கம்பெனி இப்போது செட்டைக் கழற்றிவிடலாமா என்று யோசிப்பது அந்தப் பொய்யை நம்பித்தான். அதனால் மூன்றாவது முறையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றவன் தொழிலுக்குப் புதியவர்களுக்கு எழுதினால் அதில் ஏதாவது புத்திமதி இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த இடத்தில் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். பயத்தோடுதான் சொல்கிறேன். முடித்த பிறகு ஒரு போன் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் யார்டு துபாயில், அல் கூஸில் இருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் ஏற்றி, அபுதாபி தாண்டி மேற்கே சவுதி எல்லை வரை போய், அதையும் தாண்டி தம்மாம் வரை ஓட்டுவோம். நான்கு டிரெய்லர் சேர்ந்துதான் போகும். முதல் வண்டி ஓட்டியவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், கிறிஸ்தவர். முன்பு விசைப்படகில் கடலுக்குப் போனவர். இரண்டாவது வண்டி என்னுடையது. மூன்றாவது கான் பாய், பெஷாவர் பக்கத்து பட்டாணியர். நான்காவது ஒரு சேலத்துக்காரர்.

செட் என்பது டேஷ்போர்டுக்குக் கீழே திருகி வைத்த, டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி. சுருள் வயரில் கைமைக். பட்டனை அழுத்திப் பேசினால் சில கிலோமீட்டருக்குள் இருக்கும் நம் வண்டிகள் எல்லாவற்றிலும் கேட்கும். ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மற்றவர் பேச முடியாது. அவ்வளவுதான் அதன் வித்தை.

அண்ணாச்சிக்கு அதில் ஒரு பழக்கம் உண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்களை வரிசையாகக் கூப்பிடுவார். "ரெண்டு, என்ன தெரியுது?" என்பார். "ஓகே அண்ணாச்சி" என்றால் விடமாட்டார்.

"ஓகேங்கறத கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம்வே. கண்ணுல என்ன தெரியுதுன்னு சொல்லும்."

"ஒரு ஒட்டகம் தெரியுது."

"எத்தன காலு?"

சேலத்துக்காரர் சிரிப்பது செட்டில் கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் இயற்பியல் பட்டதாரி. ஊரில் வேலை கிடைக்காமல், லைசென்ஸ் எடுத்து, டிரைவர் விசாவில் வந்தவன். ஒட்டகத்தின் காலை எண்ணிச் சொல்வதற்கா படித்தேன் என்று நினைப்பேன்.

"கடல்ல மூடாப்பு விழுந்தா இப்படித்தான் கேட்போம்," என்பார் அவர். "ஒண்ணும் தெரியலன்னாலும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லணும். அதுவும் சேதிதான். ஒரு போட்டு 'தெரியல'ன்னு சொல்லிச்சுன்னா மத்த போட்டெல்லாம் இஞ்சினக் கொறச்சிரும்."

இன்னொன்றும் சொல்வார். ஆபத்து என்று சேதி சொல்கிறவன் செட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கேட்டவன் கேட்டேன் என்று திருப்பிச் சொல்லும் வரை செட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மத்தியானம், எல்லைக்கு முன்னால் மணல் காற்று பிடித்துக்கொண்டது. பழுப்பு நிறச் சுவர் ஒன்று நடந்து வந்து எங்களை விழுங்கியது போல இருந்தது. கண்ணாடி மேல் மணல் கொட்டும் சத்தத்தில் இஞ்சின் சத்தமே அமுங்கிவிட்டது. அண்ணாச்சி வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வரிசையாகக் கேட்டார். என் முறை வந்தபோது, "முன்னால உங்க பின்லைட் லேசா தெரியுது" என்றேன்.

"மூணு. கான் பாய், க்யா திக்தா ஹை?"

"டீக் ஹை, டீக் ஹை." எல்லாம் சரி என்றார்.

"டீக் எல்லாம் வேண்டாம் பாய். என்ன தெரியுது சொல்லு," என்று இந்தியில் அதட்டினார்.

கொஞ்சம் பொறுத்து கான் பாயின் குரல் வந்தது. கம்பி வேலி தெரிகிறது என்றார்.

ஒட்டகங்கள் ரோட்டுக்கு வராமல் இருக்கப் போட்ட வேலி அது. ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். வண்டியிலிருந்து பார்த்து அது தெரிகிறது என்றால் வண்டி ரோட்டில் இல்லை. எவ்வளவு தூரம் என்று அண்ணாச்சி கேட்டார். ஒரு கை நீளம் என்றார் கான் பாய், தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி. அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிரேக் மிதிக்காதே, ஸ்டியரிங்கை வெட்டாதே, காலை மட்டும் எடு, தானாக நிற்கட்டும் என்று அண்ணாச்சி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். வண்டி நின்றது. காற்று அடங்கியதும் நான் போய்ப் பார்த்தேன். முன் சக்கரம் சரிவின் விளிம்பில் இருந்தது. கான் பாய் தரையில் உட்கார்ந்து தாடியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அண்ணாச்சியை உஸ்தாத், அதாவது குரு, என்றுதான் கூப்பிட்டார்.

செட் தேவையா என்று எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் எழுதியவன் என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதீர்கள்.

பிறகு ஏன் எழுதினேன்? அதற்கு என் மனைவியிடம் சொல்லியிருந்த ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும். துபாயில் நான் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன் என்று அவளிடமும் அவள் வீட்டாரிடமும் சொல்லியிருந்தேன். பட்டம் படித்தவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் அவர்கள். டிரெய்லர் ஓட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் போன் வந்தது. எடுத்துப் பேசினேன். செட்டின் கைமைக் நழுவி, சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே விழுந்து, பட்டன் அமுங்கிக் கிடந்தது. எனக்குத் தெரியாது.

"ஆபீஸ்லதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "சத்தமா? அது ஏசி. ரிப்பேரு. கீழ நம்ம டிரைவருங்க வண்டியக் கழுவுறானுங்க, படிக்காத பயலுக, சொன்னாப் புரியாது."

மூன்று வண்டியிலும் கேட்டிருக்கிறது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்ததால் அவர்களால் குறுக்கே பேசவும் முடியவில்லை. மைக்கை எடுத்து மாட்டிய அடுத்த நொடி அண்ணாச்சியின் குரல் வந்தது.

"சார், ஆபீஸுக்கு ஏசி மெக்கானிக்க அனுப்பவா?"

சேலத்துக்காரர் உடனே, "சார், நாங்க வண்டி கழுவி முடிச்சிட்டோம் சார். வேற எதும் வேலை இருக்குங்களா?" என்றார்.

தமிழ் புரியாத கான் பாய்கூட அவர்கள் சிரித்ததைக் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் டிகிரி. அண்ணாச்சி மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேலி செய்பவர் அல்ல. தம்மாமில் இறங்கியதும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "வீட்டுல உண்மையச் சொல்லிரும்வே. ஓட்டுறது ஒண்ணும் கேவலம் இல்ல. நான் சொல்லட்டா பேசி?" என்றார். அந்தக் கருணை கேலியைவிட அதிகமாகச் சுட்டது. அந்தப் பெட்டியை நான் வெறுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பதினைந்து நிமிடமும் "டிகிரி, என்ன தெரியுது?" என்று அது கேட்கும்போது, உன்னைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்வது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். செட்டுகளுக்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எல்லையில் வேறு அதைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். எல்லார் கையிலும் மொபைல் வந்துவிட்டது.

"நீ படிச்சவன். டிரைவருங்க பக்கத்துல இருந்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு, வேணுமா வேணாமான்னு," என்றார். எழுந்து போகும்போது, "சூப்பர்வைசர் சீட் காலியாகப் போகுது, தெரியும்ல?" என்றார்.

இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

எழுதிக் கொடுத்தேன். ரூட் முழுவதும் மொபைல் கவரேஜ் இருக்கிறது. செட்டில் வீண் பேச்சு அதிகம். வீண் பேச்சு ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கிறது. அனுமதி, எல்லைச் சிக்கல். எல்லாம் உண்மை. மணல் காற்றையும் கம்பி வேலியையும் பற்றி மட்டும் எழுதவில்லை. ஒரு வாரத்தில் மெக்கானிக் வந்து நான்கு பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போனார். டேஷ்போர்டில் நான்கு திருகு ஓட்டைகள் மிஞ்சின.

அண்ணாச்சி யார்டில் என்னைத் தனியாகப் பிடித்தார். "எழுதிக் குடுத்தது நீரா?"

"நான் இல்ல அண்ணாச்சி. மேனேஜரே முடிவு பண்ணிட்டாரு."

"சரிவே," என்று சொல்லிவிட்டு டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு போன்தான். நாங்கள் போனை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை இன்றைக்கு உங்களுக்கு விளக்கினால்தான் புரியும். கூப்பிடுகிறவனுக்குத்தான் செலவு. அதனால் யாரும் பேசுவதில்லை, மிஸ்டு கால்தான். ஊருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். வண்டிகளுக்குள்ளும் அதையே கொண்டு வந்தோம். முதல் வண்டி ஒரு குறிப்பிட்ட பாலத்தையோ பெட்ரோல் நிலையத்தையோ தாண்டியதும் இரண்டாவது வண்டிக்கு ஒரு ரிங். இரண்டாவது தாண்டியதும் மூன்றாவதுக்கு ஒரு ரிங். வந்ததும் சிவப்புப் பட்டனை அழுத்திக் கட் செய்ய வேண்டும். அதுதான் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளம். எடுத்துவிட்டால் கூட்டாளியின் காசைத் தின்றவன் ஆவாய். தவறி எடுத்தவனை ஒரு வாரம் திட்டுவார்கள். சில மாதத்தில் எங்கள் கட்டைவிரல்களுக்கு அது பழகிவிட்டது. ரிங் வந்தால், மூளைக்குச் சேதி போகும் முன்பே விரல் கட் செய்திருக்கும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன தெரியுது என்று கேட்க இப்போது யாரும் இல்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரைப் போட்டார்கள். நோட்டீஸ் ஒட்டியபோது அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப நீருதான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நடைதான் ஓட்டுநராக என் கடைசி நடை. சேலத்துக்காரர் வண்டி பட்டறையில் நின்றதால் மூன்று வண்டிதான் கிளம்பினோம்.

காலை ஏழு மணி இருக்கும். விடிந்துவிட்டது. இடது பக்கம் உப்பு நிலம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ரோடு ஒரு வெள்ளைக்குள் போய் முடிவது தெரிந்தது. மூடுபனி. அதற்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. இரவில் விளக்கு போட்டால் ஏதாவது தெரியும். இதில் விளக்கைப் போட்டால் வெள்ளை இன்னும் கெட்டியானது. என் வண்டியின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். குறைத்ததும், பின்னால் வருகிறவன் குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. உடனே கொஞ்சம் கூட்டினேன். முன்னால் யாராவது நின்றிருந்தால்? மறுபடி குறைத்தேன். வைப்பர் போட்டேன், பயன் இல்லை. ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்தேன். என் இஞ்சின் சத்தம் மட்டும், பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவது போல. வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது.

போன் அடித்தது. திரையில் அண்ணாச்சி. கட்டைவிரல் கட் செய்தது. ஏதோ பாலத்தைத் தாண்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அங்கே பாலம் எதுவும் கிடையாது என்பது நினைவுக்கு வரவில்லை.

மறுபடி அடித்தது. கட் செய்தேன். ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைக்கத் தெரியாதா இந்த மனுஷனுக்கு என்று எரிச்சல் வந்தது.

மூன்றாவது முறை அடித்தது. ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்று ரிங். நிற்கவில்லை.

இத்தனை வருடம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட கதையில் மூன்று முறையும் பழக்க தோஷம். அது உண்மை அல்ல. மூன்றாவது முறை எனக்குத் தெரியும். இது மிஸ்டு கால் இல்லை, அவர் பேச நினைக்கிறார் என்று தெரியும். போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் என்ன கேட்பார்? "டிகிரி, என்ன தெரியுது?" என்று கேட்பார். ஒன்றும் தெரியவில்லை அண்ணாச்சி என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம். இரண்டு நாளில் அவருக்கு மேலாளாக உட்காரப் போகிறவன், அவர் காதில் அழக் கூடாது. அப்ப நீருதான் என்று சொன்ன குரலை அந்த வெள்ளைக்குள் தனியாகக் கேட்கவும் தைரியம் இல்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினேன். விரல் செய்ததல்ல அது. நான் செய்தது.

கொஞ்ச நேரத்தில் முன்னால் வெள்ளையில் சிவப்பாக ஏதோ கரைந்து தெரிந்தது. பின்லைட். நகராத பின்லைட். வலது பக்கம் மணலுக்கு ஒடித்தேன். டிரெய்லர் அலறியது, குழாய்கள் ஒன்றோடொன்று மோதின, வண்டி சாய்ந்து, சாயாமல், மணலில் புதைந்து நின்றது. என் ஜன்னலுக்கு நேராக, இரண்டு கை தூரத்தில், அண்ணாச்சியின் கேபின்.

அவருக்கு முன்னால் ஒரு டேங்கரும், அதற்கு முன்னால் சில கார்களும் ஒன்றில் ஒன்று ஏறிக் கிடந்தன. அது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். வண்டியை நிறுத்தியவர் கீழே இறங்கி மணலில் ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் சேதி சொல்கிறவன் செட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாதே. சீட்டில் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு கையை நீட்டிப் பின்னால் காட்டினார். பின்னால். கான் பாய்.

என் போன் என் மடியில்தான் கிடந்தது. கான் பாயைக் கூப்பிட வேண்டும், அவர் கட் செய்தால் மறுபடி கூப்பிட வேண்டும், இல்லையென்றால் இறங்கிப் பின்னால் ஓட வேண்டும். கைகள் ஸ்டியரிங்கிலிருந்து வரவில்லை. அண்ணாச்சி போனைப் பார்த்து ஏதோ நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கலாம். அதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. அவர் வண்டி என் ஜன்னலுக்கு எதிரிலிருந்து முன்னால் போனது. அவ்வளவு பெரிய வண்டி, யாரோ பெட்டியைத் தள்ளியது போல நகர்ந்து, டேங்கரின் பின்புறத்தில் போய் நின்றது. கேபின் இருந்த இடத்தில் கேபின் இல்லை.

கான் பாய்க்குக் காலில் மட்டும் அடி. நொண்டிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "மைனே மாரா. உஸ்தாத் கோ மைனே மாரா." நான்தான் கொன்றேன், உஸ்தாதை நான்தான் கொன்றேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உன் தப்பு இல்லை பாய் என்றேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தால் இன்னமும் அதையே நம்பிக்கொண்டிருப்பார்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த அண்ணாச்சியின் சாமான்களை அவர் வீட்டில் சேர்ப்பது சூப்பர்வைசரான எனக்கு வந்த முதல் வேலை. ஜெபமாலை, கைக்கடிகாரம், போன். போன் உடையவில்லை. ஆன் செய்து பார்த்தேன். கடைசியாகக் கூப்பிட்ட மூன்றும் ஒரே பெயர். ஆங்கில எழுத்தில் டிகிரி என்று பதிந்து வைத்திருந்தார். மூன்றையும் அழித்தேன்.

மேனேஜர் கேட்டார், முன் வண்டி ஏன் பின் வண்டிக்குச் சொல்லவில்லை என்று. அந்த இடத்தில் சிக்னல் இல்லை, அதனால் செட்டைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல ரூட் முழுக்கக் கவரேஜ் இருக்குன்னு எழுதியிருக்க?"

"மூடுபனியில போயிரும் சார்."

நான் இயற்பியல் படித்தவன். மூடுபனியால் சிக்னல் காணாமல் போகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கலாம். "புதுசு மட்டும் ஃபைல்ல இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பழையதைக் கிழித்தார். செட்டுகள் திரும்பி வந்தன. உங்கள் வண்டிகளில் இன்று இருப்பது அந்த வரிசையில் வந்தவைதான்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், அன்றைக்கு அங்கே டவர் இல்லை, இன்றைக்கு மூலைக்கு மூலை டவர், ஜிபிஎஸ் வேறு, அதனால் செட் எதற்கு என்று. தம்பிகளே, அன்றும் சிக்னல் இருந்தது. முழுசாக இருந்தது. மூன்று முறை மணி அடித்தது. போன் ஒருவனைக் கூப்பிடும். அந்த ஒருவன் கோழையாகவோ கோபமாகவோ இருந்தால் சேதி அங்கேயே செத்துவிடும். செட்டில் நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தாலும் பின்னால் வந்த கான் பாய் கேட்டிருப்பார். பிரேக்கில் கால் வைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கழற்றுவதா வேண்டாமா என்று உங்களிடம் எழுதிக் கேட்டால், கேட்கிறவர் எந்தச் சீட்டைக் காலி என்று காட்டிக்கொண்டே கேட்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது.

இதை உங்களுக்கு அனுப்பும் முன் அண்ணாச்சியின் வீட்டாருக்குச் சொல்லியாக வேண்டும். அவர் இறந்தபோது நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் இப்போது பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் ரூம் எடுத்து இருக்கிறாள். நேற்று அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவையா சித்தப்பா?" என்றாள்.

"மூணு தடவைம்மா."

"அம்மா இன்னைக்கு வரைக்கும் என்ன சொல்லிக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

தெரியும். லீவில் போய் அந்தச் சாமான்களைக் கொடுத்தபோது என்னிடமே சொன்னார்கள். "சிக்னல் மட்டும் இருந்திருந்தா என்கிட்ட ஒரு வார்த்த பேசியிருப்பாவ தம்பி." நான் தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இத்தனை வருடம் இருந்திருக்கிறார்கள்.

"நீயே அம்மாகிட்ட பதமா எடுத்துச் சொல்றியாம்மா?" என்று கேட்டேன். இந்த வயதிலும், இந்தக் கடைசியிலும், நான் அப்படித்தான் கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நம்பர் அதேதான்." கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. "ஒரு ரிங் குடுத்துட்டு வச்சிராதீங்க. முட்டுவலி, எந்திரிச்சு வர நேரமாகும். அம்மா எடுக்குற வரைக்கும் விடுங்க."

இந்தப் பக்கம் வரை எழுதிவிட்டு, இன்று காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். ஒரு ரிங். இரண்டு. மூன்றாவது ரிங்கில் என் கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்குப் போய் நின்றது. விரலை எடுத்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். நான்கு. ஐந்து. ஆறாவதில் எடுத்தார்கள்.

"யாரு?"

"மதினி, நான் டிகிரி பேசுறேன்."

"டிகிரியா? மாதாவே! எத்தன வருசம் ஆச்சு. நல்லா இருக்கீரா தம்பி? என்ன விசயம், சொல்லும்."

கண் முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

"மதினி," என்றேன். "அன்னைக்கு அங்க சிக்னல் இருந்துச்சு."